சரவெடிக்கு வந்த நிதானம்

சித்திரை மாத வெயில் இறங்கியும் தேரடியில் தார் ரோட்டின் சூடு இறங்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் கைக்குக் கிடைத்த நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் மட்டும் கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துண்டும், துண்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பளி மப்ளரும் கட்டிக்கொண்டு, மேசை ஃபேன் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

பெயரைச் சொன்னார்கள். எழுந்தார். மைக் முன்னால் போய் நின்றார்.

"தோழர்களே," என்றார்.

அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. முன்பெல்லாம் அவருக்கு வார்த்தைகள் ரேஷன் கடை வாசல் மாதிரி நாக்கு நுனியில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். இந்த ஒரு வருஷமாக ஒவ்வொரு வார்த்தையையும் அதன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது. கூட்டம் காத்திருந்தது. தணிகாசலமும் காத்திருந்தார்.

"நாம்," என்றார் கடைசியில், "யோசிக்க வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னாமா நிறுத்தி நிதானமாப் பேசறாருபா. ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல எவ்ளோ யோசனை பாரு," என்றார்.

அது தணிகாசலத்தின் காதில் விழுந்தது. யோசனை ஒன்றும் இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அங்கே இருந்தது வெறும் பனிமூட்டம்.

காஞ்சிபுரத்தில் கட்சி மேடைகளில் அவருக்கு இருந்த பெயர் 'சரவெடி'. பக்கத்து மாகறல் கிராமத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். இவர் மட்டும் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பேச வந்தவர். எதிர்க்கட்சிக்காரனை எழுந்த வேகத்தில் பிடித்து, அவன் மூன்று தலைமுறையையும் ஒரே மூச்சில் காயப்போட்டுவிட்டு இறங்குவார். கஷ்டம் என்னவென்றால் எதிர்க்கட்சி கிடைக்காத நாளில் சொந்தக் கட்சியே கிடைத்தால் போதும் அவருக்கு. ஒருமுறை தலைமையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு வெகு தாமதமாக வந்து, "மக்களுக்காகவே மூச்சு விடுகிறேன்" என்றார். தணிகாசலம் நன்றியுரையில், "அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் வாலாஜாபாத் வரும்போதே எங்களுக்குக் கேட்டது, குறட்டை என்று தப்பாக நினைத்துவிட்டோம்" என்றார். அதனால் அவர் பெயர் போஸ்டரில் வரும், படம் வராது. பதவி என்ற பேச்சே கிடையாது.

மேடைக்காரனுக்குத் தொண்டைதான் ஏர், மாடு, நிலம் எல்லாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டி, சளி இறுகிப் போனபோது பூவராகவன் கம்பவுண்டர் ஒரு சிவப்பு மிக்ஸ்சர் கலந்து கொடுத்தார். உப்பும் இரும்பும் சேர்ந்த ருசி. சளி இளகியது, குரல் திறந்தது. அதிலிருந்து கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வாய் என்று வழக்கமாயிற்று. பிறகு குரல் தானாகவே கரகரக்கத் தொடங்கியதும் காலையில் இரண்டு வாய், மாலையில் இரண்டு வாய். கரகரப்பு கூடக்கூட மிக்ஸ்சரும் கூடியது. பாட்டில் இல்லாமல் அவர் வெளியூர் போவதில்லை.

கழுத்தை முதலில் கண்டுபிடித்தது மனைவி ஜெயம்மாள்தான். சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்யா, உனுக்குக் கீழ இன்னொரு தாடை வந்துக்கினு இருக்குது?"

"சதை. வயசாவுதில்ல."

"சதைன்னா வயித்துல வரும். கழுத்துல எதுக்கு வருது, வழி தெரியாமயா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு காலத்தில் அவர் பதிலடி கொடுத்திருப்பார். அவளும் திருப்பிக் கொடுத்திருப்பாள். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருக்கிற நெசவாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள். இப்போது அவர் "ம்" என்றார். துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் துண்டால் வந்தது வினை. கட்சியில் துண்டு என்பது தோளில் கிடக்க வேண்டிய சாமான். கரை தெரிய வேண்டும். தலைவர் வந்தால் இறங்கி இடுப்புக்குப் போக வேண்டும். தணிகாசலம் அதைக் கழுத்தில் சுற்றியதும் ஊரில் அதற்கு அர்த்தம் தேடினார்கள். முதலில் மைக்செட் ராஜவேலு சுற்றினான். பிறகு பிள்ளையார்பாளையத்து இளைஞர்கள் சுற்றினார்கள். ஒரு மாதத்தில் கழுத்தில் துண்டு சுற்றினவன் எல்லாம் தணிகாசலம் கோஷ்டி, தோளில் போட்டவன் எல்லாம் ஆதிகேசவன் கோஷ்டி என்று ஆகிவிட்டது. ஆதிகேசவன் பட்டு நூல் கடைக்காரர். நகரச் செயலாளர் பதவியின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர். தனக்கு எதிராக ஒரு கோஷ்டி இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தனக்கென்று ஒரு கோஷ்டி இருப்பது தணிகாசலத்துக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இருந்த நகரச் செயலாளர் வேறு கட்சிக்குத் தாவியதும் இடம் காலியானது. ஒருநாள் ராஜவேலு மூச்சிரைக்க வந்தான். அவன் அப்பா காலம்வரை ஊருக்கெல்லாம் பறையடித்துச் சேதி சொன்ன குடும்பம். இவன் ஆம்பிளிஃபயர் வாங்கி அதே வேலையைக் கரண்டில் செய்கிறான் என்று அவனே சொல்வான்.

"அண்ணே, மாவட்டம் சொல்லி அனுப்பிச்சாரு. ஒன்னத்தான் போடப் போறாங்களாம்!"

மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். கட்சியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மாவட்டம் சாப்பிட்டாச்சா, மாவட்டத்துக்கு இருமல் என்றுதான் பேச்சு.

"என்னையா? எதுக்கு?"

"நிதானம் வந்துடுச்சாம்ணே. முன்ன மாதிரி வாய்க்கு வந்தத பேசறதில்லையாம். தலைமைக்கு ரொம்பப் புடிச்சிருக்குதாம். ஆதிகேசவன் மூஞ்சப் பாக்கணுமே நீ!"

தணிகாசலத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷமும் மெதுவாகத்தான் வந்தது. ராஜவேலு தெருக்கோடி தாண்டின பிறகுதான் அவர் சிரித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவது, கோடையில் கம்பளி, முகத்தில் வீக்கம் எல்லாம் சேர்ந்து ஜெயம்மாளைப் பயமுறுத்தின. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும் என்றாள். கடவுளைப் பற்றி மேடையில் அவர் சொன்னவை கடவுளுக்கும் தெரிந்திருக்கும் என்பதால் அவர் வரமாட்டேன் என்றார். அவளே போய் இவர் சார்பில் தொட்டுவிட்டு வந்து, அந்தக் கையால் இவர் கழுத்தைத் தடவினாள். கழுத்து அசையவில்லை. பிறகுதான் ரயில்வே ரோட்டில் புதிதாக வந்திருந்த டாக்டர் லில்லியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

லில்லியின் தாத்தா மாகறலில் தணிகாசலத்தின் தாத்தா நிலத்தில் கூலிக்குச் சேற்றில் நின்றவர். லில்லியின் அப்பா யேசுதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியாரானார். லில்லி மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தார். தணிகாசலம் மேடையில் சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ முறை முழங்கியிருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் நாற்காலி இவர் பக்கம் இருந்தது. இங்கே லில்லி நாற்காலியில் இருந்தார், இவருக்கு ஸ்டூல்.

"துண்டை எடுங்க."

"குளிருது டாக்டரம்மா."

"வெளியில ஜனங்க வெந்துக்கினு இருக்காங்க. எடுங்க."

எடுத்தார். உள்ளே மப்ளர். அதையும் எடுத்தார். லில்லி பின்னால் வந்து நின்று கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து எச்சில் விழுங்கச் சொன்னார். கழலை மேலே போய் இறங்கியது. பிறகு ஸ்டூலில் முட்டி போடச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் உடனே திரும்பவில்லை. அந்தரத்தில் நின்று, போகலாமா வேண்டாமா என்று கலந்தாலோசித்துவிட்டு, மெள்ள மெள்ளப் பழைய இடத்துக்கு வந்தது.

"உங்க பாதமும் நிதானமா இருக்குது," என்றார் லில்லி. "பேப்பர்ல படிச்சேன், உங்களுக்கு நிதானம் வந்துடுச்சின்னு."

"அது அனுபவத்துல வந்தது."

"இல்லைங்க. தைராய்டுல வந்தது. தொண்டைக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?"

பாட்டிலை எடுத்து வைத்தார். லில்லி திறந்து முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அயோடைடு. சளியை இளக்கும், நல்ல மருந்துதான், ஒரு வாரத்துக்கு. எவ்ளோ நாளா குடிக்கிறீங்க?"

"மூணு வருஷம்."

லில்லி பாட்டிலை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அயோடினை வைத்துத்தான் உடம்புக்குச் சூடும் சுறுசுறுப்பும் கொடுக்கிற சரக்கைச் செய்கிறது. அயோடின் இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. சிலருக்கு மட்டும், வருஷக்கணக்காக அளவில்லாமல் கொட்டினாலும் சுரப்பி திகைத்துப்போய்க் கடையை மூடிவிடும்.

"சரக்கு இல்லேன்னா அது சும்மா இருக்க வேண்டியதுதானே? எதுக்கு வீங்குது?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"நல்ல கேள்விம்மா. மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருக்குது. பாதாம்பருப்பு அளவு. ரத்தத்துல சரக்கு குறைஞ்சா அதுக்குத்தான் முதல்ல தெரியும். அது நேரா கழுத்தோட பேசாது. அதுக்குக் கீழே பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒண்ணு தொங்குது. அதுக்கு உத்தரவு போடும். பிட்யூட்டரி தைராய்டுக்கு உத்தரவு போடும், செய் செய்னு. தைராய்டால முடியல. சரக்கு வரல. ஹைப்போதலாமஸ் இன்னும் சத்தமா கத்தும். பிட்யூட்டரியும் கத்தும். அந்த உத்தரவுல இன்னொரு குணம் இருக்குது. செய்னு மட்டும் சொல்லாது, வளருன்னும் சொல்லும். தைராய்டால செய்ய முடியல, வளர மட்டும் முடியுது. அதான் உங்க கழுத்துல இருக்கிற இந்தக் கழலை."

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"தலைமை," என்றார். "மாவட்டம். நகரம்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. எங்க கட்சியப் பத்தி உங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க."

மிக்ஸ்சரை அன்றே நிறுத்த வேண்டும், கொஞ்ச மாதத்துக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், கழுத்து தானாக வற்றிவிடும் என்றார் லில்லி. நிறுத்தாவிட்டால் ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போகலாம் என்றும் சொன்னார். கிளம்பும்போது, இந்தப் பாதாம்பருப்பு எதை வைத்துக் கத்துகிறது என்பதை அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளை அரைத்துச் சில வருஷத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டார். அது தப்பாகப் போயிற்று. ஜெயம்மாள் மறுநாளிலிருந்து கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு மூளை வாங்கி மிளகு போட்டு வறுக்க ஆரம்பித்தாள். அடுத்த முறை லில்லி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அது கத்தறதுக்கான சாமான். இவருக்குள்ள ஏற்கெனவே கத்திக்கினுதான் இருக்குது. வறுவலா சாப்பிட்டா வயித்துக்குத்தான் போகும், கழுத்துக்குப் போகாது."

"அப்போ அமெரிக்காக்காரன் அத்தினி ஆட்டையும் வெட்டி இன்னா பண்ணான்? கறி இன்னா ஆச்சு?"

லில்லிக்குத் தெரியவில்லை.

ராஜவேலுவிடம் சொன்னபோது அவன் சந்தோஷப்படவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அப்போ அந்த நிதானம் உன்னுது இல்லையா?"

"பாட்டிலுதாம்பா."

"நிறுத்தினா?"

"பழையபடி ஆயிடுவேனாம்."

"பழையபடியா!" ராஜவேலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "பழைய ஆளுக்கு எவன்ணே பதவி குடுப்பான்? வேணாம். இப்போ கொணமாவாதே. பதவிய வாங்கிக்க, அப்புறம் கொணமாயிக்க. கொஞ்ச நாளு. மாசம் ரெண்டோ மூணோ."

இருபது வருஷம் கத்தியும் கிடைக்காதது, கத்தாமல் இருந்ததற்குக் கிடைக்கப்போகிறது. தணிகாசலம் பாட்டிலை மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, ஜெயம்மாள் திரும்பியதும் துப்பினார். காலையில் இரண்டு வாய், மாலையில் இரண்டு வாய். தலைவர்கள் எல்லாம் எதை எதையோ குடித்துத்தான் பதவிக்கு வருகிறார்கள் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் ஆயிற்று.

ராஜ வீதி டீக்கடையில் ஒருநாள் ஆதிகேசவன் எதிரே வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஆள்கள். கழுத்துத் துண்டும் உண்டு, தோள் துண்டும் உண்டு.

"இன்னா தணிகாசலம், சரவெடி நனைஞ்சு போச்சுன்றாங்களே, நெஜமா?"

எல்லாரும் தணிகாசலத்தின் வாயைப் பார்த்தார்கள். அவரும் உள்ளே பார்த்தார். பதில் எங்கேயோ இருந்தது, கிணற்றின் அடியில் விழுந்த வாளி மாதிரி பளபளவென்று தெரிந்தது, கயிறுதான் இல்லை. டீயில் ஆடை படிந்தது. ஆதிகேசவன் தம் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். "பாத்தியா, கண்டுக்கவே இல்ல. பெரிய மனுசன்," என்றது ஒரு கழுத்துத் துண்டு.

இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது பதில் வந்தது. முழுசாக, சோப்பு நுரையோடு வந்தது.

"நனைஞ்ச வெடியக் காயவெச்சு வெடிக்கலாம் ஆதி! வரட்டி எவ்ளோ காஞ்சாலும் பொகையத்தான் செய்யும்!"

குளியலறையில் எதிரொலித்தது. கைதட்ட ஆளில்லை.

"யார்கிட்டயா பேசினுகிற?" ஜெயம்மாளின் குரல் வெளியே கேட்டது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் நடுக்கூடத்தில் நின்றாள். கையில் சிவப்பு பாட்டில் இருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் உலுக்கியது.

"குடி," என்று நீட்டினாள். "நல்லாக் குடி. தூங்கினே போயிடுவேன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. போனா பொன்னாடை எல்லாம் போத்திப் பெருசா தூக்கினு போவாங்க. அப்புறம் தேரடியில இரங்கல் கூட்டம் போடுவாங்க. யார் பேசுவாங்க தெரியுமா?"

"யாரு?"

"ஆதிகேசவன்தான் பேசுவாரு. ஒன்னப் பத்தி. ஒரு மணி நேரம். நீ திருப்பி ஒரு வார்த்த சொல்ல முடியாது. மாலை போட்ட படத்துல இருந்துக்கினு கேட்டுக்க."

இந்த ஒன்று மட்டும் அவருக்கு உடனே புரிந்தது. மூன்று வருஷத்து மிக்ஸ்சரைத் தாண்டி நேராகப் போய்த் தைத்தது. பாட்டிலை வாங்கினார். பின்வாசலில் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"மாத்திரைய எடு," என்றார்.

"துப்பறதுக்கா, முழுங்கறதுக்கா?"

முதலில் திரும்பி வந்தது வியர்வை. ஒருநாள் மத்தியானம் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஜெயம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பசி வந்தது. பிறகு குழம்பில் உப்பு குறைவு என்று சண்டை வந்தது. அவர் சொன்னதற்கு அவள் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பதில் வந்துவிட்டது. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "அப்பாடா," என்றான் ஒருவன்.

கழுத்து வற்றிக்கொண்டு வந்தது. துண்டை மட்டும் அவர் சுற்றியபடியே இருந்தார். தலைமை தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் ஆடி பிறந்துவிட்டது. ராஜவேலுவுக்குத் தூக்கம் போயிற்று.

"அண்ணே, ஒரே ஒரு சாயங்காலம். ஒன் காலப் புடிச்சிக் கேக்கறேன். மாவட்டம் அறிவிப்பாரு. நீ எழுந்து 'நன்றி, வணக்கம்'னு சொல்லிட்டு உக்காந்துரு. அவ்ளோதான். வாய்ல ஒரு பாக்கு வேணா போட்டுக்க."

"சின்னப் புள்ளையாடா நானு? ரெண்டு வார்த்த சொல்லி உக்காரத் தெரியாதா?"

தேரடியில் நல்ல கூட்டம். மேடையில் தணிகாசலம் வாயில் பாக்குடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆதிகேசவன். கழுத்தில் துண்டு தணிகாசலத்துக்கு இப்போது நரகமாக இருந்தது. வியர்வை முதுகில் ஓடியது.

மாவட்டம் பேசினார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். காஞ்சிபுரம் நகரத்தைத் தலைமை பெருமையோடு பார்க்கிறது என்றார். உறுப்பினர் சேர்க்கை ஒரே வருஷத்தில் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது என்றார்.

தணிகாசலத்துக்கு அந்தச் சேர்க்கை எப்படி நடந்தது என்று தெரியும். செத்துப்போன தம் மாமனார் பெயரையும் அதில் பார்த்திருக்கிறார். பாக்கை அழுத்திக் கடித்தார்.

"தலைமை கேட்டது. நான் கேட்டேன். நீங்கள் வளர்ந்தீர்கள்!" என்றார் மாவட்டம். "இன்னும் வளர வேண்டும் என்று தலைமை சொல்கிறது. இன்னும் இரண்டு மடங்கு!"

பாக்கு உடைந்தது.

"இந்த நகரத்தின் புதிய செயலாளரை அறிவிக்குமுன், அவரையே இரண்டு வார்த்தை பேச அழைக்கிறேன். நிதானத்தின் இருப்பிடம், அண்ணன் தணிகாசலம்!"

எழுந்தார். ஆதிகேசவன் காலைக்கூட நகர்த்தாமல், "பாத்துப் பேசு. தூங்கிடாதே," என்றார் மெதுவாக.

தணிகாசலம் மைக்குக்கு முன்னால் வந்தார். கூட்டத்தில் கழுத்துத் துண்டுகள் நிமிர்ந்தன. நன்றி. வணக்கம். இரண்டும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் மற்றவை எல்லாம் வந்து முண்டியடித்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலை அவர் எவ்வளவு நாளாகக் காணவில்லை! புழுக்கம் தாங்காமல் துண்டை அவிழ்த்தார். கூட்டம் ஒருமுறை மூச்சை இழுத்தது.

"தோழர்களே, நன்றி. எனக்கு வந்தது நிதானம் இல்லை. நோய்."

மைக்செட் பக்கத்தில் ராஜவேலு தலையில் கை வைத்தான்.

"நம்ம தலைக்குள்ள பாதாம்பருப்பு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுதான் தலைமை. அதுக்குக் கீழ பட்டாணி மாதிரி ஒண்ணு தொங்கினு இருக்குது. அது மாவட்டம்." கூட்டம் சிரித்தது. தம்மைப் பாராட்டுகிறார் என்று மாவட்டமும் சிரித்தார். "தலைமை, சரக்கு எங்கேன்னு மாவட்டத்தக் கேக்கும். மாவட்டம், சரக்கு எங்கேன்னு கழுத்துல இருக்கிற நம்மளக் கேக்கும். நம்மகிட்ட சரக்கு இல்ல. ஏன் இல்லேன்னு யாராவது கேக்கறாங்களா? இல்ல. இன்னும் கத்துவாங்க. கத்தக் கத்த நாம இன்னா பண்ணுவோம்? சரக்கு செய்ய முடியாது. வீங்க முடியும். வீங்கினோம்! என் கழுத்து இரண்டு மடங்கு. நம்ம நகரம் இரண்டு மடங்கு. மாவட்டம் அதுக்கு வளர்ச்சின்னு பேர் வெச்சிட்டாரு. டாக்டரம்மா அதுக்குக் கழலைன்னு பேர் வெச்சாங்க. செத்துப்போன என் மாமனார்கூட நம்ம உறுப்பினர். வளர்ந்துட்டோம், சரி. பிள்ளையார்பாளையத்துக் குழாய்ல தண்ணி வருதா?"

"வர்லே!" என்று கூட்டம் முழங்கியது.

மாவட்டம் ராஜவேலுவைப் பார்த்துக் கையால் கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்டினார். ராஜவேலுவின் கை குமிழுக்குப் போனது. இடப்பக்கம் திருப்பினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அவன் தொழில்காரன். இவ்வளவு சுத்தமான குரல் அந்த மைக்கில் ஏறி வெகுநாளாயிற்று. குமிழை வலப்பக்கம் திருப்பினான்.

கூட்டம் கலையும்போதே அறிவிப்பு வந்துவிட்டது. நகரச் செயலாளர் ஆதிகேசவன். மேடையை விட்டு இறங்கும்போதே தணிகாசலம் பார்த்தார்: கழுத்தில் இருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தோளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ராஜவேலு மட்டும் தன் துண்டால் ஆம்பிளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போச்சுண்ணே," என்றான். "ஆனா நல்லாக் கேட்டுச்சு. செவிலிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்."

வீட்டில் ஜெயம்மாள் சோற்றைப் போட்டாள். "பதவி?"

"ஆதிகேசவனுக்கு."

"குழம்புல உப்பு சரியா இருக்குதா?"

"ஜாஸ்தி."

"நாக்கு நல்லாயிடுச்சு," என்றாள்.

ஐப்பசியில் ஒருநாள் ராஜ வீதி டீக்கடைக்கு ஆதிகேசவன் தனியாக வந்தார். இளைத்திருந்தார். தலைமை மாவட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது, மாவட்டம் இவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் பெண்கள் குடத்தோடு வந்து கடை வாசலில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் அவருக்கு எரிந்து விழத் தோன்றியது.

"தணிகாசலம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பூவராகவன் மிக்ஸ்சரு, அது பேரு இன்னாபா? கொஞ்சம் நிதானம் வேணும் எனக்கு."

"வேணாம் ஆதி. கழுத்து வீங்கும். அதுவும் இல்லாம, அது பேச்சிருக்கறவன் வாயத்தான் கட்டும். ஒனக்கு எதுக்கு?"

டீக்கடையே சிரித்தது. தணிகாசலம் கிளாஸைத் தூக்கினார். டீ இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, உதட்டைச் சுட்டது.